கைக்கு ஆகாத எண்ணெய்

எங்கள் தெருவில் ஸ்பூன் வைத்துச் சோறு சாப்பிட்ட முதல் ஆள் என் அம்மா. வசதி வந்துவிட்டதென்று யாரும் நினைக்கத் தேவையில்லை. ரசம் சோற்றைக் கையால் பிசைந்தால் விரல் வெடிப்புகளுக்குள் மிளகும் புளியும் இறங்கிவிடும். வாய்க்குப் போக வேண்டிய காரம் கைக்குப் போய்விடும். அதனால் எனக்குச் சத்துமாவு ஊட்டிய பழைய எவர்சில்வர் ஸ்பூனைத் தேடி எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அத்தை வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, "கலெக்டரம்மா சாப்புடுறாங்க, அப்பறமா வரேன்" என்று திரும்பினாள்.

"மனு இருந்தா குடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் ஊர் அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற ரோட்டில் இருக்கிறது. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அம்மா சித்தாள். காலையில் ஒரு மினி வேன் வரும். அதில் ஏறிக்கொள்கிற பெண்களை அரியலூர், ரெட்டிபாளையம் என்று எங்கே வீடு எழும்புகிறதோ அங்கே இறக்கிவிடும். கலவை அள்ளிச் சட்டியில் கொட்டுவது, சட்டியைத் தலைக்கு ஏற்றுவது, சாரத்தில் ஏறிக் கொத்தனாரிடம் கொடுப்பது. இதுதான் அவள் வேலை.

சிமெண்ட் கையை ஒரே நாளில் கெடுப்பதில்லை. முதலில் தோலில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு நிறத்தை. அதன் பிறகு விரல் நுனிகள் தேய்ந்து, கோடுகள் இருந்த இடத்தில் பிளவுகள் வருகின்றன. அம்மாவின் வலது கட்டைவிரலில் நகத்துக்குப் பக்கவாட்டில் இருந்த வெடிப்புதான் எல்லாவற்றிலும் ஆழம். மார்கழிக் காலையில் வாளியைத் தூக்கினால் அது திறந்துகொள்ளும், உள்ளே சிவப்பாகத் தெரியும். சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் துணி சோப்பைப் போட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவுவார்கள். ஒட்டியிருக்கும் சிமெண்டோடு, தோலில் மிச்சம் இருந்த எண்ணெய்ப் பசையும் போய்விடும். மேஸ்திரி ஒருமுறை ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார். உள்ளே வேர்த்து, சட்டி வழுக்கியதால் அவை ஒரு மூங்கிலில் மாட்டப்பட்டு, வீடு கட்டி முடியும் வரை அங்கேயே தொங்கின.

ஐப்பசியில் ஒரு நாள் அம்மா சாரத்தில் ஏறும்போது கால் சறுக்கியது. கையால் மூங்கிலைப் பிடித்தாள். வெடிப்பு பிளந்துகொண்டதில் விரல்களை இறுக்க முடியவில்லை. கீழே மணல் கொட்டியிருந்தார்கள், இடுப்பில் வலியோடு தப்பித்தாள். அப்பாவிடம் வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னாள். அத்தையிடம் சொன்னதுதான் முழுசு. "புடி நிக்கல அண்ணி. கை இருக்கு, ஆனா புடிக்க மாட்டேங்குது." நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த அத்தைதான் பட்டுத் தறி வேலை பற்றிச் சொன்னது. ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் பத்துப் பன்னிரண்டு தறி வைத்திருக்கும் குடும்பம். அங்கே இழை இணைக்கிற பெண் மாசி பிறந்ததும் பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறாள், திரும்பி வரப்போவதில்லை. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளான ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொரு இழையாக விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். உட்கார்ந்த வேலை. தலையில் சுமை இல்லை, ஏற வேண்டிய சாரம் இல்லை, மழை பெய்தால் சம்பளம் நிற்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தறிக்காரம்மா என்று நான் மனதுக்குள் பெயர் வைத்த அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. "கைய நீட்டும்மா" என்றார். ஒரு பட்டு இழையை எடுத்து அம்மாவின் உள்ளங்கைக்குக் குறுக்கே போட்டு, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். இழை இரண்டு விரல் தூரம் நகர்ந்தது. பிறகு நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் பஞ்சுபோல் பிரிந்து அறுந்தது.

"எங்க வேல செய்யற?"

"கட்டட வேலங்க."

"அதான் பாத்தாலே தெரியுது. இந்தக் கைய வச்சிக்கிட்டு பட்டுல கை வைக்க முடியாதும்மா. ஒரு சேலை முழுக்கப் பிசிறு தட்டிடும்."

"கைய சரி பண்ணிட்டு வந்தா எடுத்துக்குவீங்களா?"

தறிக்காரம்மா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "மாசி பொறக்கறதுக்குள்ள வந்தா பாக்கலாம். அதுக்கு மேல நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல.

சிகிச்சைப் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். அப்பாவின் மருத்துவ அறிவு முழுவதும் லாரி நிற்கிற டீக்கடைகளில் சேகரித்தது. எந்த நோய்க்கும் அவரிடம் ஒரு மருந்தும், அது பலித்த ஒரு மனிதரும் இருப்பார்கள். அந்த மனிதர் எப்போதும் வேறு ஊர்க்காரராக இருப்பார். முதலில் மெழுகுவர்த்தியை உருக்கித் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசினார்கள். அது ஓரளவு கேட்டது. பிறகு நெய். காலையில் எறும்புகள் அம்மாவின் விரல் இடுக்குகளில் வரிசை கட்டியிருந்தன. பிறகு மஞ்சளும் வேப்பெண்ணெயும். வீட்டில் நாங்கள் யாரும் அம்மாவின் பக்கத்தில் படுக்கவில்லை.

ஊரில் இருந்த துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான் உருப்படியாகச் சொன்னது. "சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. கழுவுன கை ஈரமா இருக்கறப்பவே வாஸ்லின் தடவுங்க, காஞ்ச பின்னாடி தடவி பிரயோஜனம் இல்ல. ராத்திரி தடவிட்டுத் துணி உறை போட்டுக்குங்க. முக்கியமா சிமெண்ட் தொடக் கூடாது. ரெண்டு மாசத்துல கை திரும்ப வரும்."

துணி உறைக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஏற்பாடு என் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்ஸ். மறுநாள் நான் வெறுங்காலோடு ஷூ போட்டுக்கொண்டு போனேன்.

"சாக்ஸ் எங்க?" என்றார் டீச்சர்.

"அம்மா கையில இருக்கு டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, உண்மையைத்தானே சொன்னேன்.

நர்ஸம்மா சொன்னதில் மூன்றை அம்மா செய்தாள். நான்காவதை மட்டும் செய்ய முடியவில்லை. பொங்கல் வரை வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், வீடு அப்படித்தான் நடந்தது. இரவில் வாஸ்லினும் சாக்ஸும் சேர்த்ததைப் பகலில் கலவை எடுத்துக்கொண்டது. பொங்கலன்று கரும்பை உரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தி என்னிடம் கொடுத்தாள். கட்டைவிரல் வெடிப்பு மறுபடி திறந்திருந்தது.

அதற்கு மறுவாரம் அத்தை ஒரு செய்தி கொண்டுவந்தாள். தறிக்காரம்மாவின் தெருவிலேயே ஒரு பெண் இருக்கிறாள், பிளஸ் டூ முடித்தவள், வெயிலே படாத கை. அவளை மாசி முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அவ கை பட்டு மாதிரி இருக்குமாம்" என்றாள் அத்தை.

"இருக்கும், இருக்கும். கல்யாணம் ஆவட்டும், பாத்திரம் தேய்க்கட்டும்" என்றாள் அம்மா.

அன்று மாலை அப்பா ஒரு பாட்டிலோடு வந்தார். பழைய மருந்துப் பாட்டில். உள்ளே தார் போலக் கறுப்பாக ஏதோ இருந்தது. முந்திரிக்கொட்டை எண்ணெய் என்றார். முந்திரிப் பருப்பை மூடியிருக்கும் ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய். கரையான் பிடிக்காமல் இருக்க நிலைவாசலுக்கும் கட்டைகளுக்கும் அடிப்பார்கள். குதிகால் பித்தவெடிப்புக்கும் கோழி இறகால் தொட்டு வைப்பதுண்டு. குதிகாலின் தடித்த தோல் அதைத் தாங்கும். அப்பா இதிலிருந்து தமக்கான முடிவுக்கு வந்திருந்தார்.

"கால் வெடிப்பு ரெண்டே நாள்ல மூடிக்குதுங்கறான். அதும் வெடிப்பு, இதும் வெடிப்பு. காலுக்கு ஆவறது கைக்கு ஆவாதா?"

அம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூடியைத் திறந்து மோந்தாள். "ஆவுமா?" என்றாள்.

"ஆவும்ங்கறேன்."

"சரி, நாளைக்குப் போட்டு வுடுங்க. இன்னிக்கி மாவரைக்கற வேல இருக்கு."

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்பியபோது காரியம் முடிந்திருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் முழங்கால்மேல், உள்ளங்கை மேலே பார்க்க, கீழே வாழை இலைத் துண்டுகள். உள்ளங்கைகள் புதிதாகப் போட்ட ரோடு போல இருந்தன. அப்பா காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"எரியுதா?" என்று கேட்டார்.

"எரியுது."

"எரிஞ்சாதான் வேல செய்யுதுன்னு அர்த்தம்."

காலையில் கை வீங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. அப்பா லாரிக்குப் போகவில்லை. நர்ஸம்மா கட்டுப் போட்டுக்கொண்டே அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "லாரிக்கு கிரீஸ் அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கீங்க. கைக்குப் போடுற சாமானா சார் அது? ஒரு வார்த்த என்கிட்ட கேக்கக் கூடாது?" அப்பா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

தெருவில் இதைவிடக் கடுமையாகச் சொன்னார்கள். அத்தை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னாள், "பொண்டாட்டி கைய சுட்டுட்டு விசிறி வேற வீசுனாராம்." வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவின் கட்டைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"தெரியாம போட்டுட்டாரு. வுடுங்க."

அந்த நாட்களில் அப்பா டீக்கடைப் பக்கம் போகவில்லை. சமைத்தார், பாத்திரம் கழுவினார். எனக்குப் பின்னல் போட்டார். அது சரக்குக் கட்டுகிற கயிற்றின் முடிச்சு, சாயங்காலம் அவிழ்ப்பதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிடும். அம்மாவுக்கு உருண்டை பிடித்து ஊட்டினார். முதல் நாள் உருண்டைகள் பெரிதாக இருந்தன. "மாட்டுக்குத் தவுடு வைக்கிறீங்களா?" என்றாள் அம்மா. அதன் பிறகு சிறிதாகின. இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் சண்டையும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பாவமாக இருந்தது. நல்லது செய்யப் போய் இப்படி ஆனதற்கு ஒரு மனிதரை எத்தனை பேர்தான் திட்டுவார்கள்.

பத்து நாள் போனபின் கட்டைப் பிரித்தபோது தோல் உரிந்து வந்தது. தடித்த, பழுப்பு நிறத் தோல், இடையிடையே பழைய வெடிப்புகளின் கோடுகளோடு. அடியில் இருந்தது இளஞ்சிவப்பாக, பார்க்கவே கூசுவதாக இருந்தது. நர்ஸம்மா களிம்பு கொடுத்தார். பழைய கட்டளைகளை மறுபடி சொன்னார். இந்த முறை அம்மா நான்கையும் செய்தாள். அந்தக் கையோடு சித்தாள் வேலைக்குப் போகவே முடியாது என்பதால் நான்காவது தானாக நடந்தது. கையைக் காப்பாற்றிக் கொண்டுவந்தது அந்தக் களிம்பும் வாஸ்லினும்தான். எண்ணெயைப் பற்றி இன்றைக்கும் யாராவது கேட்டால், கைக்குப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

காலையில் தலை வாரியதும் அம்மா சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து, உள்ளங்கைமேல் போட்டு இழுத்துப் பார்ப்பாள். எங்கே நிற்கிறது என்று கவனிப்பாள். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வாஸ்லின். ஒரு சாயங்காலம் அரிப்பு தாங்காமல் நான் அவளிடம் முதுகைக் காட்டினேன். முன்பெல்லாம் அம்மாவின் உள்ளங்கையை முதுகில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும், தேங்காய் நாரால் தேய்த்தது போல இதமாக இருக்கும். இப்போது கை வழுக்கிக்கொண்டு போனது.

"இந்தக் கை நல்லால்லம்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். வீட்டில் அந்தத் தை மாதத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மாசி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மறுபடி பஸ் ஏறினோம். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். "நீங்க வேணாம், அங்க வந்து மருந்து சொல்ல ஆரம்பிச்சிடுவீங்க" என்றாள் அம்மா.

தறிக்காரம்மாவுக்கு எங்களை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் எடுத்தது. கை நீட்டியதும் தெரிந்துவிட்டது. "அந்தக் கட்டட வேலக்கார பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இழையை எடுத்தார். உள்ளங்கையில் போட்டு இழுத்தார். இழை போய்க்கொண்டே இருந்தது. மறு கையில் இழுத்தார். பிறகு ஒவ்வொரு விரல் நுனியிலும். வலது கட்டைவிரலில் மட்டும் லேசாகத் தயங்கியது, ஆனால் பிசிறு தட்டவில்லை. உள்ளே தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன.

"எப்புடி இவ்ளோ சீக்கிரம்?"

"முந்திரிக்கொட்டை எண்ணெங்க. எங்க வூட்டுக்காரரு தெரியாம கையில போட்டு வுட்டுட்டாரு. வெந்து உரிஞ்சி போச்சி."

தறிக்காரம்மா "அட பாவமே" என்று சொல்லிக் கையைப் புரட்டிப் பார்த்தார். புறங்கையைப் பார்த்தார். விரல்களை விரித்து இடுக்குகளைப் பார்த்தார். நகக்கண்களைப் பார்த்தார். மணிக்கட்டில் புதுத் தோலும் பழைய தோலும் சேர்கிற இடத்தைத் தன் விரலால் தடவினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது. வேறு எங்கும் ஒரு சொட்டு வழிந்த தழும்பு இல்லை.

"தெரியாம போட்டாரா?" என்றார்.

"ஆமாங்க."

"தெரியாம போட்டா நகக்கண்ணுல வுழாதா? இடுக்குல எறங்காதா?" குரல் இறங்கியது. "ஒனக்கு அம்மா வூடு எந்த ஊரும்மா?"

"ஆண்டிமடம் பக்கங்க."

"முந்திரிக்கொட்டை ஒடைச்சிருக்கியா?"

"கல்யாணம் ஆவறவரைக்கும் அதாங்க பொழப்பு."

"கொட்டை ஒடைக்கறவங்க கையில மொதல்ல என்ன தடவிக்குவாங்க?"

அம்மா தரையைப் பார்த்தாள். "வெளக்கெண்ண தடவிக்குவாங்க. தடவுன எடத்துல கொட்டை எண்ண புடிக்காது."

தறிக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமே வரவில்லை, தோள்கள்தான் குலுங்கின. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் நிறுத்தி, ஒருவரையொருவர் பார்த்து, மறுபடி சிரித்தார்கள். தறியில் இருந்த பெண் ஒருத்தி என்னவென்று எட்டிப் பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?" என்று தறிக்காரம்மா கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"திங்கக்கெழம வந்துடு. ஆனா சிமெண்ட் பக்கம் ஒரு நாள் போனாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. தெருவே சிரித்தது போதாதென்று, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அம்மாவும் சேர்ந்து அப்பாவைக் கேலி செய்து சிரிக்கிறாள். பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்கார மறுத்து, முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள்.

"என்ன பாப்பா?"

"அப்பா பாவம். நல்லதுன்னு நெனைச்சுதான போட்டாரு? அதுக்கு ஏன் நீங்க ரெண்டு பேரும் அப்புடி சிரிச்சீங்க?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு எதிரே போனது.

"ஆமா. உங்கப்பா தெரியாமதான் போட்டாரு" என்றாள். "அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப அத எல்லார்கிட்டயும் சொல்லு."

"சொல்றேன்."

பஸ் ஸ்டாப்பில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சட்டைப் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அம்மா இறங்கியதும், "திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க" என்றாள். அப்பா வாயைத் திறப்பதற்குள், அங்கே நின்றிருந்த அத்தைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்:

"நீங்க போட்ட எண்ணெதான் கைய காப்பாத்துச்சி."

அப்பா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அன்று மாலையே டீக்கடைக்குப் போனார்.

அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது நான்தான் என்ற பெருமையோடு அன்று நான் தூங்கப் போனேன்.